ஆள் உயரத்தில் அறுந்த கயிறு

அத்தியாயம் 8

“கதவ ஆட்டாதீங்கக்கா. நான் இன்னும் கல்யாணம் ஆவாதவன்” என்றான் குப்புசாமி.

கார் ஷெட்டின் இரும்புக் கதவு இரண்டடி உயரத்தில் கோணலாகச் சிக்கி நின்றது. அதன் அடியில் குப்புசாமியின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மீதி குப்புசாமி உள்ளே இருந்தான்.

“உனக்கு நாப்பத்திரெண்டு வயசு ஆவுது குப்பு” என்றாள் கமலாட்சி.

“அதனாலதான் சொல்றேன். இருக்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையயும் நசுக்கிப்புடாதீங்க.”

கமலாட்சி சிரிக்கவில்லை. கோர்ட்டில் பதினைந்து வருஷம் டைப் அடித்தவள் அவள். ஊர் சொன்ன பொய்யையெல்லாம் மூன்று காப்பி எடுத்து அலுத்துப் போய், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். குப்புசாமி லாரி மெக்கானிக்காக இருந்து அவளிடம் வந்து சேர்ந்தவன். வாய் ஓயாது. ஆனால் கையும் ஓயாது என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

இன்று அவளுக்குக் கோபம். மாலை நாலு மணிக்கு ஃபிட்டர் வீராசாமியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கொலை முயற்சி. போலீஸ் எழுதியிருக்கும் கதை ரொம்பச் சுலபமானது. இரண்டு வருஷம் முன்னால், தென்னேரி ரோட்டில் சைக்கிளில் போன வீராசாமியின் அண்ணன் சின்னப்பையன் மீது பட்டுக்கடை முதலாளி தணிகாசலத்தின் கார் ஏறியது. ஒரு கால் போயிற்று. வண்டி ஓட்டியது டிரைவர் குமாரவேல் என்று கேஸ். நாலு நாள் முன்னால், கருட சேவைக்கு முந்தின நாள், அவர் வீட்டு இந்த ஷெட் கதவு கிறீச்சிடுகிறது என்று பழுது பார்க்க வீராசாமியைக் கூப்பிட்டார்கள். அண்ணன் காலுக்குப் பழி வாங்க, தினமும் கதவைத் தூக்கும் டிரைவரின் தலையில் அது விழும்படி கயிற்றைக் கெடுத்து வைத்தான். சாமி வீதியுலா வரும் கருட சேவையன்று காலையில் டிரைவர் வரத் தாமதமாகி, முதலாளியே கதவைத் தூக்க, அவர் கை நசுங்கியது.

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழை பழி வாங்குவான் என்றால் நம்புவதற்கு இந்த ஊரில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

சின்னப்பையன் மட்டும் நம்பவில்லை. நேற்று ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறி வந்து கமலாட்சியின் முன்னால் நின்றான். “என் காலு போனப்பகூட எனக்கு இவ்ளோ கோவம் வரலமா. அன்னிக்கு ஒரு ஆரன் அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பேன். அதக்கூட அடிக்கல. இப்ப தம்பியயும் எடுத்துக்கினா நான் சும்மா இருக்க மாட்டேன். இருக்கிற ஒரு காலோட போயி அந்த வீட்டக் கொளுத்துவேன்” என்றான். செய்யக்கூடியவன் என்பது முகத்தில் தெரிந்தது. இப்போதும் அவன் வாசல் கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான்.

“அக்கா, முதலாளி வளையல் போடறவரா?” என்றது கதவுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

குப்புசாமியின் கை வெளியே வந்தது. உள்ளங்கையில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் நாலு இருந்தன. கமலாட்சி அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

“கயிறு என்ன சொல்லுது?”

குப்புசாமி ஊர்ந்து வெளியே வந்து ஏணியில் ஏறினான். மதராசில் எவர் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து முதலாளி ஆசையாகப் போட்ட கதவு அது. ஒரே இரும்புத் தகடு. இரண்டு பக்கமும் கம்பிக் கயிறு, மேலே கப்பி, கயிற்றின் மறுமுனையில் சுவரோரமாக இரும்பு எடைகள். எடை கீழே இறங்கினால் கதவு மேலே ஏறும்.

“இடது பக்கம் கயிறு புதுசு. வீராசாமி ரெண்டு கிளாம்பு போட்டு முறுக்கியிருக்கான். யானைய கட்டித் தொங்கவிடலாம். வலது பக்கம் பாருங்க.” அறுந்து தொங்கிய முனையை எடுத்துக் காட்டினான். “எவனோ நடுவுல வெட்டி, ஒவ்வொரு புரியா பிரிச்சு, அந்தப் புரிய இந்தப் புரியோட கையால முறுக்கி ஒட்ட வெச்சிருக்கான். மேல கிரீஸ பூசி மறைச்சிட்டான். கயிறு நேரா இருக்கிற வரைக்கும் தாங்கும். கப்பியில ஏறி வளைஞ்சா பிரிஞ்சிடும்.”

“வீராசாமி செய்திருப்பானா?”

“வேலை தெரிஞ்சவன் ஒரு பக்கத்த மட்டும் வெட்டுவானாக்கா? ஒரு பக்கம் அறுந்தா கதவு கோணலா எறங்கி சட்டத்துல சிக்கிக்கும். இதோ சிக்கிக்கினு நிக்குதே. கொல்றதுக்கு ரெண்டையும் வெட்டணும். இது கதவப் பத்தி ஒண்ணும் தெரியாதவன் பண்ண வேலை. ஆனா கை மட்டும் சுத்தமான கை. முறுக்கப் பாருங்க, அச்சுல வார்த்த மாதிரி இருக்குது.”

அதுதான் கமலாட்சிக்கும் உறுத்தியது. கதவைப் பற்றித் தெரியாத ஆள், ஆனால் முறுக்கத் தெரிந்த கை.

*

தணிகாசலம் மாடியறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை தோள்வரை மாவுக்கட்டு. ஜன்னல் வழியே ஷெட்டும் வாசலும் தெரிந்தன. வலியைவிட ஆத்திரம்தான் அவரை அதிகமாக எரித்துக்கொண்டிருந்தது.

“எலும்பு மூணு துண்டுமா. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. பன்னெண்டு வயசுல கூலிக்குக் குந்தி தறியில பாவு பிணைக்கப் போனவன் நான். ஒரு நாளைக்கு நாலாயிரம் இழை பிணைச்ச கை இது. இந்தக் கை கட்டின வீடு இது. அந்த ஃபிட்டர் பய ரெண்டு கையும் ஒண்ணுத்துக்கும் ஒதவாமப் பண்ணிட்டுதான் எனக்கு மறுவேலை.”

“அவனுக்காகத்தான் நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சும் உள்ளே விட்டீங்களே.”

“நல்லாப் பாத்துக்க. பாத்துட்டுப் போயி அவங்கிட்ட சொல்லு, முதலாளி விட மாட்டார்னு.”

“கதவை நீங்கதான் தூக்கினீங்களா?”

“பின்ன யாரு? டிரைவர் பய சாமி பாக்க ஓடிட்டான். சாமி தெருமுனைக்கு வந்துடுச்சு. சாத்தறதுக்கு வெச்சிருந்த பட்டு வஸ்திரம் காருக்குள்ள இருந்துது. நான்தான் போனேன்.”

“முந்தின நாள் வீராசாமியை வரச் சொன்னது?”

“நான்தான். கதவ சரி பண்ணி கிரீஸ் போட்டுட்டுப் போன்னு ஆள் அனுப்பினேன். அவன் போனதுக்கு அப்புறம் அந்தக் கதவ யாரும் தொடல. போதுமா?”

கதவோரம் அவருடைய மனைவி பெரியநாயகி மோர் டம்ளரோடு நின்றாள். அவர் ‘நான்தான் போனேன்’ என்றபோது அவள் தரையைப் பார்த்தாள். இடது கையில் பழைய சிவப்பு வளையல்கள். வலது கையில் பளபளவென்று புதுப் பச்சை. கமலாட்சி மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தாள்.

*

ஷெட்டில் குப்புசாமி பாதி வேலையை முடித்திருந்தான். சட்டத்தில் சிக்கியிருந்த விளிம்பைக் கடப்பாரையால் நெம்பி விடுவித்து, வளைந்த இடத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கி, வலது பக்கத்துக்குப் புதுக் கயிறு கோத்திருந்தான். டிரைவர் குமாரவேல் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்ற ஆள். திருப்புட்குழியில் அவன் வீட்டில் எல்லோருக்கும் பயிர் வேலை. அவனுக்கு மட்டும் ஸ்டியரிங்.

“கதவ ரிப்பேர் பண்ணச் சொல்லி யாரும் கேக்கலையே குப்பு.”

“ஒடைஞ்சத அப்படியே வுட்டுட்டுப் போனா தூக்கம் வராதுக்கா. அதுவும் இல்லாம, இத ஓட்டிப் பாத்தாத்தான் அந்த முறுக்கு எங்க அறுந்துச்சுன்னு தெரியும்.”

பழைய கயிற்றில் முறுக்கு இருந்த இடத்தை அளந்து, புதுக் கயிற்றில் அதே இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். மெல்லக் கதவைத் தூக்கினான். கதவு ஏற ஏறச் சாக்பீஸ் கோடும் ஏறியது. கோடு கப்பியைத் தொட்ட இடத்தில் நிறுத்தினான்.

“குமாரவேலு, இப்படி வந்து அடியில நில்லுப்பா. பயப்படாத, கிளாம்பு போட்டாச்சு.”

குமாரவேல் தயங்கித் தயங்கி வந்து நின்றான். கதவின் கீழ்விளிம்பு அவன் தலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் இருந்தது.

“அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்குது” என்றான் குப்புசாமி. வழக்கமான கேலி அவன் குரலில் இல்லை.

குமாரவேலின் முகம் வெளுத்தது. சட்டென்று வெளியே வந்து சுவரில் சாய்ந்தான்.

“உன் மேல வீராசாமிக்கு அவ்வளவு ஆத்திரமா?” என்று கேட்டாள் கமலாட்சி.

“வீராசாமிக்கா? எம்மேலயா?” அவன் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கு தென்னேரி ரோட்ல வண்டிய நான் ஓட்டலமா. முதலாளிதான் ஓட்டினாரு. நான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். வேல போயிடும்னு பழிய ஏத்துக்கினேன். ரெண்டு வருசமா அந்த ஒத்தக் கால பாத்துப் பாத்து சோறு எறங்கல. போன மாசம் வீராசாமிகிட்ட உண்மைய சொல்லிட்டேன். திங்கக்கெழம கேஸு. அவன் குடுத்த தைரியத்துல கோர்ட்லயும் சொல்லப் போறேன்.”

“இது முதலாளிக்குத் தெரியுமா?”

“சொல்லாம செய்யக் கூடாதுன்னு போன வாரம் அவர்கிட்டயே சொன்னேன். சரி போன்னு சொன்னாரு.”

குப்புசாமி விசில் அடித்தான். “அப்ப வீராசாமிக்கு நீ கண்ணுல வெச்சுக் காப்பாத்த வேண்டிய சாட்சி. உன் தலையில கதவப் போடறதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா?”

கமலாட்சி அறுந்த முனையைப் பார்த்தாள். ஒரே கயிறு. டிரைவர் கதவுக்கு அடியில், ஃபிட்டர் ஜெயிலில். சாட்சியும் போய்விடும், அந்தச் சாட்சியைப் பேச வைத்தவனும் போய்விடுவான். அண்ணன் காலுக்குத் தம்பி பழி வாங்கினான் என்று ஊரே எழுதிக் கொடுக்கும்.

“சந்தேகம் வேற, சாட்சி வேற குப்பு. அந்த முறுக்கைக் கொடு.”

அறுந்த முனையைத் துணியால் துடைத்தாள். மேலே கிரீஸ் போனதும் புரிகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். சிமெண்ட் இல்லை, துரு இல்லை.

“கப்பிக்குப் பக்கத்தில் என்ன இருக்கு பார்.”

குப்புசாமி ஏணியில் ஏறி, சுவர் விளிம்பைத் தடவி, ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தான். உள்ளே சலித்த அடுப்புச் சாம்பல். “பாத்திரம் துலக்கறதுக்கு ஏணி வெச்சு ஏறியிருக்காங்க போல.”

“பாத்திரத்துக்குச் சாம்பலை யாரும் துணியில் சலிக்க மாட்டாங்க. தறியில பழைய பாவு முடிஞ்சதும் புதுப் பாவை எப்படிச் சேக்கறாங்க?”

குப்புசாமி ஏணியிலேயே நின்றுவிட்டான். காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய இழை முனையையும் புது இழை முனையையும் சேர்த்துப் பிடித்து, விரலில் சலித்த சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு. பட்டு வழுக்காமல் இருக்கத்தான் சாம்பல். கம்பிக்கு அது தேவையே இல்லை. பழகிய விரல்களுக்கு மட்டும் தேவை.

“சாம்பல் தொடாம முறுக்க அந்தக் கைக்குத் தெரியலக்கா” என்றான் மெதுவாக. “நானும் வீராசாமியும் முறுக்கினா எண்ணெயத்தான் தொடுவோம்.”

“ஆனா இந்த ஊரில் பாவு பிணைக்கிற கை ஆயிரக்கணக்கில் இருக்கு. அது போதாது.”

*

பெரியநாயகி பின்கட்டில் தனியாகத்தான் இருந்தாள். கமலாட்சி கைக்குட்டையை விரித்துப் பச்சைத் துண்டுகளைக் காட்டியதும் அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதில் பயம் இல்லை. பெருமைதான் இருந்தது.

“வெளிய சொல்லாதன்னு அவருதான் சொன்னாரும்மா. பொம்பளைய ஸ்டேஷனுக்கு இழுப்பாங்கன்னு. கதவத் தூக்கினது நான். சாமி தெருமுனைக்கு வந்துடுச்சு, மேளம் கேக்குது, வஸ்திரம் கார்ல கெடக்குது. குமாரவேலக் காணோம். அவரு மாடியில குளிச்சிக்கினு இருந்தாரு. நானே போனேன்.”

“அப்புறம்?”

“மாடியிலேர்ந்து பாத்துட்டாரு போல. ஓடியாந்தாரு. நான் தூக்கிட்டேன், தலைக்கு மேல வரப்போ வலது பக்கம் படார்னுச்சு. என்னப் புடிச்சுத் தள்ளிட்டாரு. அவரு கை மாட்டிக்கிச்சு. முப்பது வருசமா என்ன ஒரு நல்ல வார்த்த சொல்லாத மனுசம்மா. எனக்காகக் கையக் குடுத்தாரு.”

“உங்களை அவர் கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டாரே. மாடியிலேர்ந்தே கத்தினாரு. ‘போவாத, கதவுகிட்ட போவாத’ன்னு. எனக்குத்தான் மேளத்துல சரியா காதுல விழல.”

“அப்போது கதவு ஆடிச்சா? சத்தம் ஏதாவது வந்துச்சா?”

“இல்லம்மா. நான் அப்ப ஷெட்டுக்குப் பாதி வழியிலதான் இருந்தேன். கதவு மூடித்தான்…”

பெரியநாயகி நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. கமலாட்சி அவளுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து மாடிக்குப் போனாள்.

*

“நல்ல கற்பனைமா” என்றார் தணிகாசலம், எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு. “சாம்பல் எல்லார் வீட்லயும் இருக்குது. வளையல எல்லா பொம்பளயும் போடறா. கோர்ட்ல டைப் அடிச்சவதானே நீ, இத எந்த ஜட்ஜு கேப்பாரு?”

“கதவு மூடியிருக்கும்போதே நீங்க கத்தினதைக் கேட்பார்.”

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கோணலாகச் சிரித்தார். இனி நடிக்க வேண்டாம் என்று முடிவு செய்த சிரிப்பு.

“அந்த டிரைவர் பய எஞ்சோத்தத் தின்னுட்டு என்ன கூண்டுல ஏத்தப் பாத்தான். ஃபிட்டர் பய என் கதவத் தொட்டுக்கினே எனக்குக் குழி வெட்டினான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே முறுக்கு போட்டேன். குறி தப்பிடுச்சு, அவ்ளோதான். யாரு சொல்லப் போறாங்க? பெரியநாயகியா? அவ வாயத் தெறக்க மாட்டா. அவ உசிரு நான் குடுத்தது. இந்தக் கைதான் அதுக்கு அத்தாட்சி.”

“ஆமாங்க. நீங்க குடுத்ததுதான்” என்றது ஒரு குரல்.

பெரியநாயகி வாசற்படியில் நின்றாள். அழுது முடித்த முகம். தணிகாசலம் தலையணையிலிருந்து எழ முயன்று முடியாமல் சாய்ந்தார்.

“மூணு நாளா உங்க கைக்காக சோறு திங்காம வேண்டிக்கினேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அன்னிக்கு அங்க நின்னது குமாரவேலா இருந்திருந்தா, நீங்க கத்தியிருப்பீங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவனுக்கும் பொண்டாட்டி இருக்குது. ரெண்டு பொண்ணு இருக்குது. என் உசிரு நீங்க குடுத்ததுதான். அத வெச்சிக்கினு என்ன பண்ணணும்னு நான் பாத்துக்கறேன்.” ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். “மணி மூணே ஆவல. நாலு மணிக்குள்ள ஸ்டேஷனுக்குப் போவணும். வாங்கம்மா.”

“பெரியநாயகி.”

அவள் திரும்பவில்லை.

“ஏய், நான் உன்னக் காப்பாத்தினவன்டி.”

“அதத்தாங்க சொல்லப் போறேன். நீங்க எப்படிக் காப்பாத்தினீங்கன்னு, ஒரு வார்த்த விடாம.”

*

குப்புசாமி கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கையை விட்டான். அது அங்கேயே அசையாமல் நின்றது. “எடை சரியா இருக்குது. இனிமே இது யார் தலையிலயும் விழாது” என்றான். குமாரவேல் வந்து ஒரு கையால் மேலே தூக்கினான். கதவு கிறீச்சிடாமல் அவன் தலையைத் தாண்டிப் போயிற்று. ஆனாலும் அவன் அடியில் நுழையாமல் நின்றான். அவனுக்கு முன்னால் பெரியநாயகி நடந்து உள்ளே போய்க் காரின் பின்சீட்டில் ஏறினாள்.

கார் வெளியே வந்து கேட்டருகில் நின்றது. ஊன்றுகோலில் சாய்ந்திருந்த சின்னப்பையன் அதன் முன்பக்க மட்கார்டையே பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறான்.

“முன்னாடி உக்காருப்பா” என்றாள் பெரியநாயகி. “உன் தம்பிய இட்டுக்கினு வரலாம்.”

அவன் நம்பாமல் கமலாட்சியைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் ஏறி உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டான். அண்ணாந்து பார்த்தான். மாடி ஜன்னலில் மாவுக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு முகமும் தெரிந்தது.

“குமாரவேலு” என்றான் சின்னப்பையன். “கெளம்பறதுக்கு முன்னாடி ஆரன அடிப்பா. அன்னிக்கு அடிக்காம வுட்டத.”

குமாரவேல் ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் இருந்த முகம் மறைகிற வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.